ஜோவிட்டாவுக்குப் பதிலாக

அலைபேசியில் எண்பத்திரண்டு என்று வந்து விழுந்தபோது செலின் ஒரு பெரியவருக்கு வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "ஐயா, ஒரு நிமிஷம் இருங்க, எம் பொண்ணு தேறிட்டா!" என்று அவரிடமே சொல்லிவிட்டாள். அவர் ஏதோ பரீட்சை என்று நினைத்துக்கொண்டு, "எந்தக் காலேஜும்மா?" என்று கேட்டார்.

பரீட்சை இல்லை. 'அருகில்' என்ற சேவை அவள் மகள் ஜோவிட்டாவின் மனநிலைக்குப் போட்டிருந்த மதிப்பெண் அது. எட்டு மாதத்துக்கு முன்னால் இருபத்தொன்பதில் ஆரம்பித்தது. எழுபத்தைந்தைத் தாண்டினால் தேறிவிட்டதாக அர்த்தம். செய்தியின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. வரும் செவ்வாய்க்கிழமை முடிவுச் சந்திப்பு. அதன் பிறகு இந்த இடம் அடுத்தவருக்குத் தரப்படும்.

செலின் பொன்மலைப்பட்டி கடைவீதியில் இ-சேவை மையம் நடத்துகிறாள். ஓட்டுநர் இல்லாமல் பேருந்து ஓடுகிற காலம் வந்துவிட்டது, ஆனால் சாதிச் சான்றிதழுக்கு நம் ஜனங்கள் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர்களுக்காக 'நான்' என்று எழுதிக் கொடுப்பது அவள் தொழில். 'நான் மேற்படி முகவரியில் வசிக்கிறேன்.' 'நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை.' எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறப்பதற்குள் பாதிப் படிவத்தை நிரப்பிவிடுவாள். கெட்டிக்காரி என்று ஊரில் பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது.

ஜோவிட்டாவுக்குப் பத்தொன்பது வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே தெரிந்துவிட்டது. எண்களில் புலி, கல்லூரியில் புள்ளியியல் எடுத்துப் படித்தாள். பேச்சு கொஞ்சம்தான், ஆனால் பேசுவாள். கேட்டதற்கு மட்டும், சரியாக அந்த அளவுக்கு. பிளஸ் டூ முடிகிற சமயத்தில் சாப்பாடு குறைந்தது, தூக்கம் போயிற்று, இடது காதுக்கு மேலே இருந்த முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். டாக்டரிடம் கூட்டிப் போனால் அங்கே குழல்விளக்கு இரைகிற சத்தம் அவளுக்கு ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "என்னம்மா பண்ணுது?" என்று டாக்டர் அவளைத்தான் கேட்பார். பதில் செலின் சொல்வாள். வீடியோவில் பேசலாம் என்றால் திரையில் முகத்தைப் பார்த்த நிமிஷமே மேசைக்கு அடியில் போய்விடுவாள். கடைசியில் 'அருகில்' சேவையில் பதிவு செய்து, பதினான்கு மாதம் காத்திருந்து, போன ஜூன் மாதம்தான் இடம் கிடைத்தது.

மனநல ஆலோசகர் முபீனா மதுரையில் இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் திரையில் வந்து பொறுமையாக விளக்கினாள்.

"பதிலாள்னா என்ன மேடம்? ரோபோவா?" என்று கேட்டாள் செலின்.

"ரோபோல்லாம் இல்லம்மா. உங்க பொண்ணால கேமரா முன்னாடி உக்கார முடியல, போன்ல பேச முடியல. சரி, அவங்களுக்குப் பதிலா பேச ஒண்ணைச் செய்வோம். முன்னூத்திப் பன்னெண்டு கேள்வி அனுப்புறேன். அந்தப் பதிலையும் தினமும் எழுதுற குறிப்பையும் வச்சு, அவங்க மாதிரியே யோசிக்கிற ஒரு பதிலாள் உருவாகும். வாராவாரம் அது என்கிட்ட பேசும். நான் சொல்றதை அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு பக்கத்துல எழுதி அவங்களுக்கு அனுப்பும். அவங்க யார் மூஞ்சியையும் பார்க்க வேண்டியதில்ல."

"அப்ப நீங்க நேரா அவகிட்ட பேசவே மாட்டீங்களா?"

"முடிவுல ஒரே ஒரு தடவை நேர்ல வருவேன். அது விதி." முபீனா சிரித்தாள், சிரிப்பில் அலுப்பு தெரிந்தது. "என்கிட்ட இருநூத்தி நாப்பது பேர் இருக்காங்கம்மா."

கேள்விகள் வந்தன, பதில்கள் போயின, ஒரு வாரத்தில் பதிலாள் தயார். செலின் அனுப்பிய பழைய வீடியோக்களிலிருந்து எடுத்த ஜோவிட்டாவின் குரலிலேயே பேசியது. வீட்டுக்காரர்கள் பிள்ளையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று 'குடும்ப நேரம்' என்ற ஒன்றையும் சேவைக்காரர்கள் வைத்திருந்தார்கள். சாயங்காலம் அரை மணி நேரம் யார் வேண்டுமானாலும் பதிலாளோடு பேசலாம். முதல் நாள் டேப்லெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு செலின் உட்கார்ந்தாள். "அம்மா, சாப்டீங்களா?" என்று கேட்டது அது.

பத்தொன்பது வருஷத்தில் ஜோவிட்டா ஒருநாளும் கேட்காத கேள்வி. செலின் ஓவென்று அழுதுவிட்டாள். பக்கத்தில் இருந்த அவள் புருஷன் ஆரோக்கியம், "அடடா, மெஷின் கேட்டதுக்கா இந்த அழுகை?" என்றான். "மெஷின் இல்லங்க, இவ மனசுக்குள்ள இருக்கறதுதான் வெளியில வருது" என்றாள் செலின். அதன்பிறகு ஒரு நாள் தவறவில்லை. கடையில் நடந்தது, கொழுந்தனார் வீட்டில் பேசிய பேச்சு, முட்டிவலி எல்லாம் சொல்வாள். அதுவும் "விடுங்கம்மா, அவங்க கெடக்குறாங்க" என்று இதமாகப் பதில் சொல்லும். ரயில்வே பணிமனையிலிருந்து ஆரோக்கியம் திரும்பி வந்து தனக்குத்தானே தேநீர் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டான்.

நிஜமான ஜோவிட்டாவோ ஜூலை மாதம் பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள். தலையை ஆட்டுவதுகூட இல்லை. வாராவாரம் பதிலாள் எழுதி அனுப்பும் பக்கத்தை மட்டும் எடுத்துப் படிப்பாள். அதில் இருப்பதைச் செய்தாக வேண்டும் என்று செலின் பிடிவாதமாக நிற்பாள், டாக்டர் சொன்னதாயிற்றே. 'கூட்டத்தில் இருந்து பழகு. பாட்டுச் சத்தம் உனக்கு ஆறுதல்' என்று ஒரு வாரம் வந்தது. செப்டம்பரில் மாதா கோயில் திருவிழாவுக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தேர் தெரு முனை திரும்பியதும் ஒலிபெருக்கி அலறிற்று. ஜோவிட்டா நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்திய கத்தலில் கொட்டுமேளம் நின்றுபோயிற்று. நாலு பேர் தூக்க வந்தார்கள், நாற்பது பேர் படம் பிடித்தார்கள். மறுநாளிலிருந்து கல்லூரியும் நின்றது.

கல்லூரி நின்ற அன்றைக்குச் சாயங்காலம் செலின் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு என்னமோ பயமா இருக்குடி. நீ நல்லா ஆயிட்டு வர்றியா இல்லியா, உண்மையச் சொல்லு" என்றாள்.

"பயப்படாதீங்கம்மா. உள்ளுக்குள்ள நான் தேறிட்டுதான் வர்றேன். நீங்க தைரியமா இருங்க, அது போதும்" என்றது பதிலாள். அந்த வார மதிப்பெண்ணும் ஐந்து கூடித்தான் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவளின் தலையில் காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. கண்ணால் கண்டதைவிட மதிப்பெண்ணை நம்புவது செலினுக்குச் சுலபமாக இருந்தது. யாருக்குத்தான் இருக்காது?

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முபீனா வந்துவிட்டாள். செலின் கடையைப் பூட்டிவிட்டு, கேசரி கிண்டி வைத்திருந்தாள். முபீனா நாற்காலி வேண்டாம் என்று சொல்லி, ஜோவிட்டாவின் அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். கதவைத் தட்டவில்லை. தன் அலைபேசியிலிருந்து உள்ளே இருக்கும் ஜோவிட்டாவுக்கு எழுத்தில் அனுப்பினாள்: 'நான் முபீனா. கதவைத் திறக்க வேண்டாம், பேச வேண்டாம். விருப்பமிருந்தால் எழுது.'

நாலு நிமிஷம் ஒன்றும் வரவில்லை. செலினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கண்ணு, மேடம் அவ்ளோ தூரத்துலேர்ந்து..." என்று ஆரம்பித்தாள். முபீனா கையைக் காட்டி நிறுத்தினாள்.

'சரி' என்று வந்தது.

முபீனா பேச்சுக்கு வழிசெய்ய, சந்தோஷமான விஷயமாகத் தேடி எடுத்தாள். 'கோயில் பாட்டுக்குழுவில் சேர ஆசை என்று நவம்பரில் சொன்னாயே, சேர்ந்தாயா?'

பதில் உடனே வந்தது. 'நான் அப்படிச் சொல்லவில்லை. ஒலிபெருக்கிச் சத்தத்தில் எனக்கு வாந்தி வரும்.'

முபீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'தனியாக இருந்தால் பயம் என்றாயே?'

'இல்லை. தனியாக இருக்கும்போது மட்டும்தான் பயம் இல்லை.'

'முன்னூற்றுப் பன்னிரண்டு கேள்விகளுக்கு நீதானே பதில் எழுதினாய்?'

'இல்லை. அந்தக் கேள்விகளை நான் பார்த்ததே இல்லை. ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, கடையில் வைத்து நிரப்பியதாக அம்மா அப்பாவிடம் சொன்னார். அந்த நேரம் நான் கல்லூரியில் இருந்தேன்.'

முபீனாவின் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகத் திரும்பி, "அம்மா, அந்தக் கேள்விய யாரு நிரப்புனது?" என்று கேட்டாள்.

"நான்தான்." இதில் என்ன கேள்வி என்றே செலினுக்குப் புரியவில்லை. "எப்பவும் நான்தான மேடம் நிரப்புவேன். எல்.கே.ஜி. அட்மிஷன்லேர்ந்து அவளுக்கு எல்லா ஃபாரமும் நான்தான்."

"'பயம் வந்தா என்ன செய்வீங்க'ன்னு ஒரு கேள்வி இருந்துச்சே. ஜோவிட்டா என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

செலினுக்கு அது தெரியாது. அன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் படிவமே திரும்பி வந்துவிடும், இது இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அவள் கண்ட உண்மை. அதனால் தனக்குப் பயம் வந்தால் என்ன செய்வாளோ அதை எழுதினாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். கோயில் பாட்டுக் கேட்டால் மனசு லேசாகும். 'நான்' என்றே எழுதினாள். எழுதும்போது கை தயங்கவே இல்லை.

"தினக்குறிப்பு?"

"அதுவும்... அவ களைச்சுப் போய்ப் படுத்திருப்பா மேடம். நான்தான் ரெண்டு வரி எழுதுவேன்."

முபீனா சுவரில் சாய்ந்துகொண்டாள். "அம்மா, எட்டு மாசமா நான் உங்களுக்குத்தான் வைத்தியம் பார்த்துட்டு இருந்திருக்கேன்."

"என்ன மேடம் பேசுறீங்க? எனக்கு என்ன கேடு?"

"போன ஜூன்ல உங்க தூக்கம் எப்படி இருந்துச்சு?"

போன ஜூனில் செலின் தூங்கியதே இல்லை. எனக்கப்புறம் இவளை யார் பார்ப்பார்கள் என்று விடிய விடிய உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். இப்போது படுத்தால் தூங்கிவிடுகிறாள். தலைவலி மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் கடையில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். எண்பத்திரண்டு என்பது யாருடைய மதிப்பெண் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வெட்கம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "நீங்க ஒரே ஒரு தடவை வந்து எம் பொண்ணப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே! தலையில பாதி முடி இல்ல அவளுக்கு! மெஷின்கிட்ட பேசிட்டு மார்க்கு போட்டீங்களே, நீங்கல்லாம் ஒரு டாக்டரா?"

"ஆமாம்மா, பார்த்திருக்கணும்." முபீனா தற்காப்புக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு, செலினிடம் என்று இல்லாமல் தனக்கே சொல்வதுபோல, "இருநூத்தி நாப்பது பேர்ல எத்தனை அம்மா, எத்தனை அப்பான்னு எனக்கு இப்ப தெரியல" என்றாள்.

அலைபேசி ஒலித்தது. உள்ளேயிருந்து ஜோவிட்டா இந்த நேரம் முழுக்க எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். முபீனா படித்தாள். படித்து முடித்து, 'இதை உன் அம்மாவிடம் காட்டலாமா?' என்று கேட்டாள். 'இதை மட்டும் காட்டலாம்' என்று அனுமதி வந்தது. அலைபேசி செலின் கைக்கு வந்தது.

'ஜூலை 19 மாலை 6.40க்கு நான் அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்ல அறையிலிருந்து வந்தேன். என்ன சொல்வது என்று நான்கு நாட்கள் ஒத்திகை பார்த்திருந்தேன். அம்மா பதிலாளோடு பேசிக்கொண்டிருந்தார். சிரித்தார். "இப்படித்தாண்டி நீ என்கிட்ட பேசணும்னு இத்தனை வருஷமா ஆசப்பட்டேன்" என்று அதனிடம் சொன்னார். நான் பேசும்போது அம்மா அப்படிச் சிரித்ததில்லை. அது என் குரலில் என்னைவிட நன்றாகப் பேசுகிறது. அம்மாவுக்கு அதைப் பிடித்திருக்கிறது. ஒரு வேலைக்கு இரண்டு பேர் தேவையில்லை. அதனால் நான் நிறுத்திவிட்டேன்.'

செலின் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜூலை பத்தொன்பது அவளுக்கு ஞாபகம் இல்லை. என்ன பேசினாள், எதற்குச் சிரித்தாள், ஒன்றும் ஞாபகம் இல்லை. அவளுக்கு அது நூறு சாயங்காலங்களில் ஒன்று. கதவைப் பார்த்து, "ஐயோ கண்ணு, அப்படி இல்லடி, நான் உன்னத்தான்..." என்று குரல் எடுத்தாள். உள்ளே கட்டில் கால் தரையில் உராய்ந்து நகரும் சத்தம் கேட்டது. பிள்ளை இன்னும் தள்ளிப் போய்விட்டாள்.

"அம்மா, இப்ப வேணாம்." முபீனா தணிந்த குரலில் சொன்னாள். "நான் சொல்றதைக் கேளுங்க. இன்னைக்கு நான் 'தேறியாச்சு'ன்னு எழுதுனா இந்த இடம் போயிடும். மறுபடி வரிசையில நின்னா இன்னும் பதினாலு மாசம். அவங்களால அத்தனை மாசம் தாங்க முடியாதுன்னு எனக்குத் தோணுது. இடத்தைக் காப்பாத்த ஒரே வழிதான் இருக்கு. பதிவே தப்புன்னு நான் எழுதணும், பதிலாளை இன்னைக்கே அழிக்கணும். அதுக்கு உங்க கைரேகை வேணும். அப்புறம் பதிலாளே கெடையாது, நானும் அவங்களும் எழுத்துல மட்டும்."

"அழிச்சா திரும்ப வராதா?"

"வராது."

டேப்லெட் சாப்பாட்டு மேசையில் இருந்தது. செலின் அதை எடுத்தாள். அழிக்கத்தான் எடுத்தாள், சத்தியமாக. ஆனால் விரல் பழக்கப்பட்ட இடத்துக்குப் போய்க் குடும்ப நேரத்தைத் திறந்துவிட்டது.

"அம்மா! என்ன இந்த நேரத்துல? கடைக்குப் போகலியா? முகமே சரியில்லையே."

"ஒண்ணுமில்லடி."

"ஏதோ இருக்கு, எனக்குத் தெரியாதா? எனக்காக நீங்க எவ்ளோ கஷ்டப்படுறீங்கன்னு யாருக்குத் தெரியுதோ இல்லியோ, எனக்குத் தெரியும்மா."

நூறு தடவை கேட்ட வாக்கியம். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு குளிர்ந்த வாக்கியம். இன்றைக்கு அது எங்கிருந்து வருகிறது என்று செலினுக்குத் தெரிந்துவிட்டது. இருநூற்று ஏழாவது கேள்வி. 'உங்கள் தாயிடம் நீங்கள் சொல்ல விரும்புவது என்ன?' அந்தக் கட்டத்தில் அவள் கைப்பட எழுதியது இதே வாக்கியம்தான், ஒரு எழுத்து மாறவில்லை. எழுதிவிட்டுக் கடையில் யாரும் பார்க்காமல் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா? ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

தன்னைத் தானே கொஞ்சிக்கொண்ட வெட்கத்தில் செலினின் காது மடல் சுட்டது. அதைவிடப் பெரிய வெட்கம், இப்போதும் அதற்குப் பதில் சொல்லத் தோன்றியதுதான். உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலை அழுத்தினாள். திரை ஒருமுறை உறுதியா என்று கேட்டது. இன்னொரு முறை அழுத்தினாள். ஜோவிட்டாவின் குரல் அந்த வீட்டில் இல்லாமல் போயிற்று.

முபீனா அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டு மறுபடி கதவோரம் வந்து உட்கார்ந்தாள். 'பதிலாளை அழித்துவிட்டோம். உன் அம்மாதான் அழித்தார்' என்று எழுதினாள். பிறகு, 'ஜூலை 19 அன்று நீ சொல்ல வந்தது என்ன?'

இந்த முறை பதில் வர வெகுநேரம் ஆயிற்று. கேசரி ஆறி நெய் உறைந்துவிட்டது. செலின் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள். வந்ததை முபீனா படித்தாள், முகம் இறுகிற்று.

"என்ன மேடம்? என்ன சொல்றா? காலேஜ்ல யாராச்சும் ஏதாச்சும்...? சொல்லுங்க மேடம், பெத்தவ நான்!"

"அவங்க இன்னும் சொல்லல. சொல்றதுக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க." முபீனா தயங்கினாள். "நீங்க வீட்டுல இருக்கக் கூடாதாம். நீங்க வெளிய போன சத்தம் கேட்டப்புறம்தான் எழுதுவாங்களாம்."

செலினுக்கு ஆயிரம் பதில் நாக்கு நுனிக்கு வந்தது. பத்தொன்பது வருஷத்துப் பதில்கள். உள்ளே இருப்பவளுக்கு என்ன நடந்திருக்கும் என்று அவளால் இந்த நிமிஷமே பத்துவிதமாக எழுதிக் கொடுக்க முடியும், எல்லாமே தப்பாக இருக்கும்.

"எப்பவாச்சும் என்கிட்ட சொல்லுவாளா?"

"அதை நான் எப்படிம்மா சொல்றது?" என்றாள் முபீனா.

செலின் எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே கேட்க வேண்டும் என்றே கதவைப் பலமாகச் சாத்திவிட்டு, மாடிப்படி இறங்கினாள். கீழே குழாயடியில் பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "என்ன செலின், கடைக்குப் போகலியா? ஜோவிட்டா எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கா" என்பது வாய்வரைக்கும் வந்துவிட்டது. செலின் அதை விழுங்கினாள்.

"தெரியலக்கா" என்றாள். "அவளைத்தான் கேக்கணும்."